நேர்முகப் பரீட்சையில் “உங்கள் பலம் என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வது?

பலம் என்றால், அந்த வேலைக்கு உதவக்கூடியதாக நீங்கள் ஏற்கெனவே செய்து காட்டிய ஒன்று. “கடின உழைப்பாளி, நேர்மையானவன்” என்று வருகிற எல்லோரும்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நடந்த சம்பவம் ஒன்றைச் சொன்னால், மேலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அதனால்தான் அதற்கு மதிப்பு.

வெள்ளவத்தையில் மாம்பழம் வாங்கியிருப்பீர்கள். “நல்ல இனிப்பு” என்று எல்லா வியாபாரியும் சொல்வார். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் ஒரு கீற்று வெட்டிக் கையில் தருபவரிடம்தான் நாம் நிற்போம். உங்கள் சம்பவம் அந்தக் கீற்று.

“எனக்கு மூன்று மொழி தெரியும்” என்பதோடு நிறுத்தாதீர்கள். “முன்பு வேலை செய்த கடையில் ஒருவர் பில் பிழை என்று சிங்களத்தில் கோபப்பட்டார், அவருடைய மொழியிலேயே பேசி, பில்லை வரிவரியாகப் பார்த்து, இரண்டு தரம் பதிவாகியிருந்த பால்மாவைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தேன்” என்று சொல்லுங்கள். கொழும்பில் வாடிக்கையாளரோடு பழகும் வேலைக்கு இது பெரிய பலம். நம்மில் பலர் அதைச் சொல்லவே மறந்துவிடுகிறோம். அப்புறம், விளம்பரத்தில் கேட்டிருப்பதோடு பொருந்துகிற இரண்டு பலம் போதும்.

இது தற்புகழ்ச்சி என்று பலர் கூச்சப்படுகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது புகழ்ச்சி ஆகாது, அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில்தான்.