மாதம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய் அரசிடமிருந்து நேரடியாகக் கிடைத்தால், கிராமத்தில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு என்ன மாறிவிடும்?

"இந்தப் பணத்தில் பத்து நாள் மளிகைகூட ஓடாதே" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஓடாதுதான். ஆனால் இந்தப் பணத்தின் பலம் தொகையில் இல்லை, தேதியில் இருக்கிறது. வேலூர் மாவட்டத்துக் கிராமங்களை வைத்தே சொல்கிறேன்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பீடிக்கு என்று ஏஜெண்ட் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார். இலை ஓட்டையும் சருகுமாக இருந்தால் தொள்ளாயிரம்தான் தேறும். மீதி நூறுக்கான இலையை அவளே காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூலியில் பிடிப்பார்கள். கையில் காசில்லாத வாரத்தில் அந்த இலைக்கும் ஏஜெண்டிடமே முன்பணம் கேட்டு நிற்பாள். முன்பணம் வாங்கிய பிறகு எடை குறைகிறது என்று வாய் திறக்க முடியாது, வேறு ஏஜெண்டிடம் போகவும் முடியாது. அந்த வாரத்து இலைக்கான காசு தன் பணமாக இருந்தால் இந்தக் கட்டு அவிழ்கிறது.

தண்டல் என்கிற தினவசூல் கடனும் இப்படித்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். பெரும்பாலும் குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் அரிசி தீர்ந்தது போன்ற சின்ன அவசரத்துக்குத்தான் முதல் தண்டலை எடுக்கிறார்கள், அதை அடைக்கத்தான் இரண்டாவது. மாதா மாதம் உறுதியாகப் பணம் வரும் என்று தெரிந்தால் மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு வட்டியில்லாமல் கடன் தருவார். "பதினஞ்சாம் தேதி தந்துடறேன்ணா" என்றால் அவர் நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இனி, எந்தப் பணம் யாருக்கு. கணவனை இழந்தவருக்கு விதவை ஓய்வூதியம். 2023-ல் அது 1,000-லிருந்து 1,200 ரூபாயானது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். 2023-ல் வந்த விதிப்படி ஓய்வூதியம் வாங்குபவருக்கு உரிமைத் தொகை கிடையாது. இரண்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டு, ஏன் நிராகரித்தார்கள் என்று அலைபவர்கள் நிறையப் பேர்.

எனக்கு அதிகம் வலிப்பது கணவன் விட்டுவிட்டுப் போன பெண்ணின் நிலைதான். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், கைவிட்டு 5 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் அல்லது நீதிமன்றத்தில் பிரிவு வாங்கியிருக்க வேண்டும். இருபத்து நாலு வயதில் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்தவளுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. சரி, உரிமைத் தொகை? அது ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். கணவன் வீட்டுக் கார்டிலேயே பெயர் இருந்தால் மாமியார் வாங்குவார், அம்மா கார்டில் சேர்த்துக்கொண்டால் அம்மா வாங்குவார். இவளுக்கு எந்தப் பக்கமும் இல்லை.

ஆகவே முதல் வேலை தனிக் கார்டு. கணவன் வீட்டுக் கார்டிலிருந்து தன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் நீக்கி, வட்ட வழங்கல் அலுவலகத்தின் வழியாகப் புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு வருபவர் முக்கியமாகப் பார்ப்பது தனிச் சமையலை. அம்மா வீட்டின் ஒரு பகுதியில் இருந்தாலும் தனி அடுப்பு, தன் பெயரில் கேஸ் இணைப்பு, முடிந்தால் வாடகை ஒப்பந்தம் இருக்க வேண்டும். விசாரணை நாளன்று அம்மா அடுப்பிலேயே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தால் "கூட்டுக் குடும்பம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, ஐந்து ஆண்டுக் கணக்கை முதல் மாதமே காகிதத்தில் தொடங்குவது. மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் தேதி போட்ட மனு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் சமாதானம் செய்து அனுப்பினால், ஐந்து ஆண்டு கழித்துக் காட்ட ஒன்றுமே இருக்காது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அங்கே ஜீவனாம்ச மனு போட்டால், பணம் வருகிறதோ இல்லையோ, பிரிந்திருப்பதற்கு நீதிமன்றப் பதிவு உண்டாகிவிடும். கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம்.

பலருக்கும் தெரியாத ஒன்று, பிள்ளைக்காக வரும் நிதி ஆதரவு. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகள் இதில் வருவார்கள். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தடுக்கி விழுவது இங்கேதான்: கணவன் சம்பளத்தையும் சேர்த்து எப்போதோ வாங்கிய பழைய வருமானச் சான்றிதழை இணைத்துவிடுகிறார்கள், மனு அங்கேயே நின்றுவிடுகிறது. தன் வருமானத்தை மட்டும் காட்டிப் புதிதாக வாங்குங்கள். குழு கூடி ஒப்புதல் தந்து, நிதியும் ஒதுக்க வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் ஆகலாம். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போவதும் அவசியம். தந்தையோ தாயோ இறந்து, மற்றவர் வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தை 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கியது. அதையும் விசாரியுங்கள்.

பணம் அனுமதியான பிறகு வழியில் தொலைவதும் உண்டு. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தார்களோ அதற்குத்தான் போகும். மகளிர் சுயஉதவிக் குழு லோனுக்காக எப்போதோ ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கி, அதை மறந்தே போயிருப்பாள். பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும், இவள் வேறு பாஸ்புக்கைப் பதிய வைத்துப் பார்த்துவிட்டு "வரல" என்பாள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும். சாதாரண சேமிப்புக் கணக்காக இருந்தால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்துக்கொள்வார்கள். உரிமைத் தொகையின் முதல் தவணையிலேயே இது நடந்து பெரிய புகாரானது. ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பீடி சுற்றியும் களை எடுத்தும் ரேகை தேய்ந்த விரல், வங்கி முகவரின் கருவியில் பல சமயம் விழாது. "இன்னொரு தடவை வைம்மா" என்று மூன்று முறை வைக்கச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஒவ்வொரு முறையும் திரையைக் காட்டச் சொல்லி, ரசீது கேளுங்கள். விழவில்லை என்று சொன்ன முறையிலேயே பணம் எடுக்கப்பட்டிருக்கலாம். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கலாம். கணக்கோடு இணைத்த போன் நம்பர் அவளுடையதாகவே இருக்கட்டும். தம்பி போனுக்குக் குறுஞ்செய்தி போனால் பணத்துக்கு எஜமானன் தம்பிதான்.

கையில் கொடுத்தால் வீணடிப்பார்கள் என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. கென்யாவின் ராரியேடா பகுதியில் 2011 முதல் 2013 வரை கிவ்டைரக்ட்லி அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையில்லாமல் செல்போன் வழியாகப் பணம் கொடுத்தது, ஆய்வும் நடந்தது. குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. மாதா மாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு நிலைத்தது. மொத்தமாக வாங்கியவர்கள் ஓலைக்கூரைக்குப் பதில் தகரம் போடுவது போன்ற நிலையான பொருளுக்குச் செலவிட்டார்கள்.

நம் ஊர் உதவி மாதா மாதம் வருவதுதான். அதை மொத்தமாக்க நம் பெண்களுக்கு வழி தெரியும்: சீட்டு. தெரிந்த பத்துப் பேர், ஆளுக்கு ஆயிரம், பத்து மாதம், குலுக்கல் முறை. தள்ளிக் கேட்கும் ஏலச்சீட்டு வேண்டாம், அவசரக்காரர்தான் அதில் நஷ்டப்படுவார். ஊர் தெரியாத ஏஜெண்ட் நடத்தும் தீபாவளிச் சீட்டு வேண்டவே வேண்டாம். சீட்டுக்கு ஆள் சேராவிட்டால் தபால் நிலையத் தொடர் வைப்பு இருக்கிறது, மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். 12 தவணை கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடனாகவும் எடுக்கலாம்.

சீட்டில் கிடைக்கும் அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பாலும் ஆடு வாங்குவார்கள். கே.வி.குப்பத்தில் திங்கட்கிழமை, ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை சந்தை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு மாட்டைவிட ஆடு தோது. அவசரத்துக்கு மாட்டைப் பாதியாக விற்க முடியாது, இரண்டு ஆட்டில் ஒன்றை விற்கலாம். கெடுவது எங்கே என்றால், முதல் மழைக்கு முளைத்த பசும்புல்லை வயிறு முட்ட மேய்ந்து துள்ளுமாரி நோயில் ஆடு ஒரே ராத்திரியில் விழுந்துவிடும். மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் அதற்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி போட்டுவிட வேண்டும். கிடாக்குட்டி என்றால் பக்ரீத்தைக் கணக்கு வைத்து நாலைந்து மாதக் குட்டியாக முந்தைய ஆடியிலோ ஆவணியிலோ வாங்குங்கள். குர்பானிக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். காது கிழிந்தது, கொம்பு முறிந்தது, நொண்டுவது எல்லாம் விலை போகாது, அதனால் முள்வேலி ஓரம் கட்டாதீர்கள். 2026 முதல் 2028 வரை பக்ரீத் மே மாதத்தில்தான் வருகிறது. கிடாவை அப்போது விற்றால், ஜூனில் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குக் கையில் பணம் இருக்கும்.