கவிழ்த்துப் பார்த்தீர்களா?

கே: பாட்டி விட்டுப்போன அலமாரியில் ஆரஞ்சு நிறக் கிண்ணம் ஒன்று. தண்ணீரில் எண்ணெய் படர்ந்ததுபோல மினுங்குகிறது. கார்னிவல் கண்ணாடி என்கிறார்கள். அடியில் முத்திரை எதுவும் இல்லை. போலியா?

ப: முத்திரை இல்லாவிட்டால் போலி என்று யார் சொன்னது? 1907 வாக்கில் இந்தச் சரக்கைப் பிரபலமாக்கிய அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனமே அப்போது முத்திரை பதிக்கவில்லை. 1970 வாக்கில்தான் பெயர் போட ஆரம்பித்தார்கள். ஃபென்டன் பெயர் இருந்தால்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். உங்களுடையது மேரிகோல்ட் என்கிற ஆரஞ்சு நிறம், அதிகம் கிடைக்கிற ரகம். பெரிய விலைக்குப் போகாது. பாட்டி வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

கே: டிஷ்வாஷரில் போடலாமா?

ப: கூடாது.

கே: இணையத்தில் "ஊதா" என்று போட்டிருந்த தட்டை வாங்கினேன். வந்தது பச்சை. கேட்டால், "படத்தில் தெரிந்ததுதானே வந்திருக்கிறது" என்கிறார்.

ப: எனக்கு ஆற்றாமை வருகிற இடம் இதுதான். கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். அந்த மெல்லிய படலத்தில் ஊதா, பச்சை, பொன் எல்லாம் ஓடும். அது நிறமே அல்ல, மினுக்கு. மேரிகோல்டைத் தவிர, நிறம் என்பது அதற்குக் கீழே இருக்கிற கண்ணாடியினுடையது. தட்டைக் கவிழ்த்து, பூச்சு படாத அடிவட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். விற்கிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? முகத்தை எட்டுக் கோணத்தில் படம் எடுப்பார்கள், அடிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு படம் இருக்காது. நீங்கள் ஏமாறவில்லை, ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். "ஊதா" என்று எழுதிய விளம்பரத்தைச் சேமித்துவையுங்கள். அடிவட்டத்தைப் படமெடுத்து அனுப்பி, முழுப் பணத்தையும் கேளுங்கள். பாதி தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கே: நீல நிறத்தில், திராட்சைக்கொத்து போட்ட மூடிச்சாடிகள் ஆறு. "நூறு வருடப் பழசு" என்றதும் மொத்தமாக எடுத்துவிட்டேன். இப்போது யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

ப: ஆறு சாடி வாங்கியிருக்கிறீர்கள், ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? விவரத்தைப் பார்த்தால் அமெரிக்காவின் இண்டியானா கிளாஸ் நிறுவனம் 1970-களில் குவியல் குவியலாகச் செய்து தள்ளிய சரக்கு மாதிரி இருக்கிறது. சரி, ரொம்பவும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அதே நீலச் சாடி ஒன்றை, அதே "நூறு வருட" வசனத்தை நம்பி, பேரம்கூடப் பேசாமல் வாங்கியவன் நான். அதில் இப்போது பொத்தான்கள் கிடக்கின்றன.

கே: அடியில் வட்டத்துக்குள் 'என்' எழுத்து. பழைய அமெரிக்க நிறுவனமான நார்த்வுட் செய்ததுதானே?

ப: நார்த்வுட்டின் 'என்'னுக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். பின்னால் வந்த நகல்களில் ஒரு கால் கூடுதலாக முளைத்து, கோணலான 'டபிள்யூ' மாதிரி தெரியும். லென்ஸ் வைத்துக் கால்களை எண்ணுங்கள்.

கே: மீன் வடிவப் பூச்சாடியை அமெரிக்கச் சரக்கு என்று விற்றார்கள். அடியில் 'ஜெயின்' என்று இருக்கிறது.

ப: ஜெயின் நம் நாட்டுக் கண்ணாடி நிறுவனம். அது உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத் மீன்!