தீர்க்கதரிசிக்கும் தவறுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூரில் வேலை பார்த்தபோது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தேன். வெளியில் மார்மன் சபை என்பார்கள். இப்போது குடும்பத்தோடு அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் இருக்கிறோம். என் 19 வயது மகன் மிஷன் ஊழியத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். "1978 வரைக்கும் கறுப்பர்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாதுன்னு சொன்னது ஆண்டவரா, இல்ல இந்தத் தலைவர்களா? இவங்கதான்னா மத்ததையெல்லாம் எப்படி நம்புறது? அப்ப நாம வந்திருந்தா நம்மள எந்த வரிசையில நிறுத்தியிருப்பாங்க?" என்று கேட்கிறான். (ஆசாரியத்துவம் என்பது எங்கள் சபையில் தகுதியுள்ள ஆண்களுக்கெல்லாம் கொடுக்கும் ஊழிய அதிகாரம்.) கணவரிடம் போனால், "தீர்க்கதரிசியைப் பின்பற்று, போதும்" என்று முடித்துவிடுகிறார். அடுத்த மாதம் எனக்கு ஆலயப் பரிந்துரைக்கான, அதாவது ஆலயத்துக்குள் போகும் அனுமதிச் சீட்டுக்கான நேர்காணல். சபைத் தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்று ஆதரிக்கிறாயா என்று கேட்பார்கள். ஆம் என்றால் பொய்யாகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.
(பெயர் வேண்டாம், யூட்டா)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

தம்பியின் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் நேரடியான பதில் இருக்கிறது. அந்தத் தடை தோலின் கறுப்பைப் பார்த்துப் போட்டதல்ல, ஆப்பிரிக்க வம்சமா என்று பார்த்துப் போட்டது. தென்னாப்பிரிக்காவில் 1954 வரை, சபையில் சேர்ந்த வெள்ளைக்காரர்கூடத் தன் முன்னோர் எல்லோரும் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான் என்று வம்சாவளியைத் தோண்டிக் காட்டினால்தான் ஆசாரியத்துவம் கொடுத்தார்கள். ஆகவே நீங்கள் அன்றைக்குப் போயிருந்தாலும் உங்கள் வீட்டு ஆண்களுக்கு வாசல் திறந்துதான் இருந்திருக்கும். இதைக் கேட்டு அவனுக்கு நிம்மதி வராது. வரவும் கூடாது.

ஏனென்றால் அடுத்த வாசலில் ஜேன் மானிங் ஜேம்ஸ் நின்றுகொண்டிருந்தார். 1840-களில் சபையில் சேர்ந்த கறுப்பினப் பெண். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ வரை வந்த இடத்தில், காசு இல்லை என்று படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அங்கிருந்து, சபையார் குடியேறியிருந்த இல்லினாய்ஸின் நாவூ வரை, சுமார் 800 மைல், குடும்பத்தோடு நடந்தார். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் முழுப் பாதமும் ரத்தத்தில் பதிந்தது என்று பிற்பாடு சொல்லி எழுதவைத்தார். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வீட்டிலேயே தங்கி வேலை செய்தவர். பிறகு யூட்டாவுக்கும் வந்து சேர்ந்தார். ஆலயத்தின் உள்சடங்குகளுக்கு அனுமதி கேட்டுத் தலைவர்களிடம் வருஷக்கணக்காக விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. 1894-ல் ஒரு வழி செய்தார்கள்: நித்தியத்துக்கும் ஸ்மித் குடும்பத்தின் வேலைக்காரியாக அவரை முத்திரித்தார்கள், அதாவது சடங்கால் பிணைத்தார்கள். அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை, அவருக்குப் பதிலாக இன்னொரு பெண் நின்றார். 1908-ல் விசுவாசம் குறையாமலே இறந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "தலைவர்களும் மனிதர்கள்தானே" என்பது மிகச் சுலபமாக வாயில் வந்துவிடுகிற வாக்கியம். தவறு செய்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். விலை கொடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

"அந்தக் காலம் அப்படி" என்றும் உங்கள் வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஜோசப் ஸ்மித் உயிரோடு இருந்த காலத்திலேயே, 1836-ல், ஈலைஜா ஏபல் என்ற கறுப்பர் மூப்பராக நியமிக்கப்பட்டிருக்கிறார். தடையை 1852-ல் யூட்டா சட்டமன்றத்தில் வெளிப்படையாக அறிவித்தவர், ஸ்மித்துக்குப் பிறகு சபைத் தலைவரான பிரிகாம் யங். அதே கூட்டத்தொடரில் அடிமை ஊழியத்தைச் சட்டமாக்க வந்த மசோதாவை எதிர்த்து எழுந்து பேசியவர் ஆர்சன் பிராட், அவரும் சபையின் உயர் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவர்தான். ஒரே காலம், ஒரே மேஜை. காலத்தின் மேல் பழியைப் போட முடியாது. (நமக்கும் வாயைத் திறக்க யோக்கியதை குறைவுதான். சர்ச்சுக்குள் சாதி பார்த்து உட்காரவைத்த கதை நம் ஊரில் இல்லையா என்ன!)

சரி, அப்படியானால் தீர்க்கதரிசி தவறலாம் என்று உங்கள் சபை ஒத்துக்கொள்கிறதா? ஏட்டில் தாராளமாக ஒத்துக்கொள்கிறது. உங்கள் வேதமான மார்மன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்புங்கள்: இதில் பிழைகள் இருந்தால் அவை மனிதர்களின் பிழைகள் என்று இருக்கும். 1828-ல், எழுத உதவிய மார்ட்டின் ஹாரிஸ் நச்சரித்தார் என்று அந்தப் புத்தகத்தின் 116 பக்கக் கையெழுத்துப் பிரதியை ஜோசப் ஸ்மித் கொடுத்தனுப்பி, அது தொலைந்தே போனது. ஆண்டவரை விட மனிதருக்குப் பயந்தாய் என்று அவருக்குக் கிடைத்த கண்டிப்பு, உங்கள் இன்னொரு வேதமான கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலில் 3-ம் பிரிவாக அச்சாகியிருக்கிறது. தான் வாங்கிய திட்டைத் தானே வேதமாக அச்சிட்ட மனிதர்! அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் கேள்விகள் உண்டு, ஆனால் இந்த இடத்தில் ஒரு மரியாதையும் உண்டு. 1978 ஜூனில் தடை நீங்கியது. அதுவரை அந்தத் தடைக்கு விளக்கம் எழுதிவந்த அப்போஸ்தலர் புரூஸ் மக்காங்கி, ஆகஸ்டில் மேடையேறி, நானும் பிரிகாம் யங்கும் மற்றவர்களும் இதற்கு மாறாகச் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசினோம் என்றார். 2013-ல் சபையே வெளியிட்ட கட்டுரை, கறுப்புத் தோல் சாபத்தின் அடையாளம் என்பது போன்ற பழைய விளக்கங்களைக் கைகழுவியது. மன்னிப்பு என்ற சொல்தான் அதில் இல்லை.

ஏட்டில் இருப்பது நடைமுறையில் ஏன் இல்லை? 1890-ல் பலதார மணத்தை நிறுத்தியபோது, சபைத் தலைவர் உங்களை வழிதவற வைக்க ஆண்டவர் விடமாட்டார் என்று அப்போதைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் சொன்னார். குழம்பிப்போயிருந்த ஜனத்தைத் தேற்ற அவர் சொன்னதை, தலைவர் எதிலும் தவறமாட்டார் என்று நீட்டிக்கொண்டார்கள். 1945 ஜூனில் சபைப் பத்திரிகையில், தலைவர்கள் பேசிவிட்டால் யோசிப்பது முடிந்துவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. சால்ட் லேக் சிட்டியில் இருந்த வேறு சபைப் போதகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுத, அப்போதைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் டிசம்பரில் பதில் போட்டார்: அது சபையின் நிலைப்பாடு அல்ல, அதனால் சபைத் தலைவர்களுக்கே சங்கடம் என்று. ஆனால் பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போனது, மறுப்பு ஒரு தனிக் கடிதமாகத்தான் போனது. உங்கள் கணவர் வாயில் வருவது அந்த வீட்டுக்கு வீடு போன பிரதி. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

என் ஆச்சி ஞாபகம் வருகிறது. நானும் பாளையங்கோட்டைப் பக்கம்தான். எங்கள் ஊர் சர்ச்சில் எல்லோருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகைக் கணக்கில் ஒரு வருஷம் இடித்தது. வரவு எழுதிய அரிசி மூட்டைக்கும் உலையில் போட்ட அரிசிக்கும் பொருந்தவில்லை. (எங்கள் பக்கம் சர்ச் போதகரை ஐயர் என்போம்.) ஊரில் பாதிப்பேர், "ஐயரைக் கேள்வி கேட்கக் கூடாது" என்றார்கள். மீதிப்பேர், "இனிமேல் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார்கள். ஆச்சி, "கணக்கைத் தப்பாப் போட்டது ஐயரு, ஆண்டவர் இல்ல" என்று சொல்லிவிட்டு, கணக்கு நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஐயர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தார்கள், குடித்தாள். எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவர் நோட்டை வாங்கித் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கையால்தான் நற்கருணையும் வாங்கினாள். பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததை அவள் வாசித்திருப்பாள். அங்கேயும் பிரச்சினை, யாரோடு பந்தியில் உட்காருவது என்பதுதான்.

நேர்காணல் விஷயம். ஆதரிப்பது என்பதும் அவர் தவறவே மாட்டார் என்று சத்தியம் செய்வதும் ஒன்றல்ல. அந்த அறையில் கேட்கப்படுவது முதலாவதுதான். இவர் அந்தப் பொறுப்புக்கு அழைக்கப்பட்டவர் என்று உங்கள் மனசு இன்னமும் சொல்கிறதா? சொன்னால் கூசாமல் ஆம் என்று சொல்லலாம். சொல்லவில்லை என்றால் அடுத்த மாதமே போக வேண்டும் என்று என்ன கட்டாயம்? தேதியைத் தள்ளிப்போடுங்கள். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம் யூட்டாவில் நம் ஊரைவிட ஜாஸ்தி என்று கேள்விப்படுகிறேன். அந்தப் பயத்துக்காக மட்டும் போய் உட்காராதீர்கள்.

தம்பியின் "மத்ததை எப்படி நம்புறது" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. நான் உங்கள் சபையைச் சேர்ந்தவளும் அல்ல. ஒன்றொன்றாக எடுத்து, ஜெபித்து, படித்து, அவனேதான் பார்க்க வேண்டும். சிலது நிற்கும், சிலது நிற்காது. முடிவில் அவன் சபையில் இருந்தாலும் விலகினாலும் அவன் உங்கள் பிள்ளைதான் என்பதை இப்போதே, இந்த வாரமே, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மிஷன் விண்ணப்பத்தை அவனாக எடுக்கும்வரை நீங்கள் எடுக்க வேண்டாம். அரைமனசாக இரண்டு வருஷம் கதவு கதவாகத் தட்டுவது அவனுக்கும் நல்லதில்லை, திறக்கிறவர்களுக்கும் நல்லதில்லை.

அப்புறம், ஜேன் சொல்லி எழுதவைத்த அந்த வாழ்க்கைக் குறிப்பு சின்னதுதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். சாப்பாடு முடிந்ததும் மேஜையிலேயே உட்கார்ந்து தம்பியோடு சேர்ந்து படியுங்கள். கணவரையும் ஒரு தரம் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், கதவை மட்டும் திறந்து வையுங்கள், கூடத்தில் இருந்தாலும் அவர் காதில் விழும்.