சுக்கானை நீங்களும் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 56, கணவருக்கு 61. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுவிட்டு, லங்காவியில் விலைக்கு வந்திருக்கும் 38 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் இடையே போய்வந்து காலத்தைக் கழிக்கலாம் என்கிறார். சாங்கியில் நண்பர்களுடன் வார இறுதிகளில் படகோட்டிப் பழகியவர். எனக்கு நீச்சல் தெரியாது. “நீ சமைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திரு, படகை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். வேண்டாம் என்றால் அவருடைய நெடுநாள் ஆசையைக் கெடுத்தவள் ஆகிவிடுவேன். சரி என்று சொல்லப் பயமாக இருக்கிறது. மகளுக்கு மார்ச் மாதம் பிரசவம். நான் என்ன பதில் சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, நானும் என் கணவரும் அதே கரையோரம் படகில் குடியிருந்தவர்கள். அந்தக் கடல்மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அதனால் உங்கள் கணவரின் ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் “நீ சமைத்துக்கொண்டு உட்கார்ந்திரு” என்று அவர் சொன்னாரே, அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் இருக்கும் படகில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரியும் என்றால், அவர் வழுக்கி விழுந்த நிமிடத்தில் அந்தப் படகை ஓட்ட ஆளே இல்லை.

தாய்லாந்தின் கோ ரோக் தீவுகளுக்கு அருகே ஓர் இரவு, பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த படகிலிருந்து டார்ச் விளக்கை யாரோ வீசிக்கொண்டே இருந்தார்கள். டிங்கியை, அதாவது கரைக்குப் போய்வரும் சிறு படகை, எடுத்துக்கொண்டு போனோம். அந்தப் படகுக்காரர் சிறுநீரகக் கல் வலியில் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி பல காலமாக அந்தப் படகிலேயே வாழ்ந்தவர். எஞ்சினுக்கு எந்த பேட்டரி சுவிட்சைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ரேடியோ தலைக்கு மேலே தொங்கியது, அதைத் தொடவும் பயந்தார். நாங்கள் அங்கே இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். அந்தப் பெண் கெட்டிக்காரர். கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று யாரோ அவரை நம்ப வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் தேர்ந்தெடுத்த இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயத்தில் பாதி அதிலேயே தீரலாம். பாய்மரப் படகில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு இதைவிட இணக்கமான கடல் ஆசியாவில் அதிகம் இல்லை. பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாவது மிக அரிது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று நிலத்தின் பக்கமிருந்து வீசுவதால் மேற்குக் கரையில் அலை பெரிதாக எழும்பாது. லங்காவியிலிருந்து புக்கெட்டுக்குச் சுமார் 130 கடல் மைல். வழி நெடுக லிப்பே, ரோக், முக், ஃபி ஃபி என்று தீவுகள் இருப்பதால், காலையில் கிளம்பி வெளிச்சம் போவதற்குள் அடுத்த தீவின் மறைவில் நங்கூரமிட்டுவிடலாம். இரவுப் பயணமே தேவைப்படாது. படகு ஏற்கெனவே லங்காவியில் இருப்பதும் நல்லது. சிங்கப்பூரிலிருந்து அதைக் கொண்டுபோவதென்றால் மலாக்கா நீரிணையில் 400 கடல் மைல் அளவுக்கு, சரக்குக் கப்பல்களுக்கும் விளக்கில்லாத மீன்வலைகளுக்கும் நடுவே போக வேண்டியிருக்கும்.

மே முதல் அக்டோபர் வரை கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று நேராகக் கரையைப் பார்த்து வீசும். சுமத்ரா பக்கமிருந்து கிளம்பும் திடீர்க் காற்றும் மழையும் பெரும்பாலும் விடியலுக்கு முன்பு வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில். நீரிணையில் சிங்கப்பூர் வரைக்கும் இந்தத் தொல்லை உண்டு. உறக்கத்தில் இருக்கும்போது படகு ஒரு பக்கம் சாயும், நங்கூரம் மண்ணை விட்டு நழுவும். அந்தக் காற்றில் இருவரும் எழுந்து, சொல்லாமலே அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். விளக்கம் கேட்க அப்போது நேரம் இருக்காது.

நங்கூரம் போடுவதை நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பெரும்பாலான தம்பதியரிடம் ஒரு வழக்கம் உண்டு. கணவர் பின்னால் சுக்கானைப் பிடித்து நிற்பார், மனைவி முன்முனைக்குப் போய்ச் சங்கிலியோடு மல்லுக்கட்டுவார். அவர் கத்துவது எஞ்சின் சத்தத்தில் இவருக்குக் கேட்காது. கரை சேரும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் இதை மாற்றிச் செய்யுங்கள். பளு தூக்கும் வேலை முன்னால்தான் இருக்கிறது, அது அவருக்கு. சுக்கானும் எஞ்சின் கைப்பிடியும் உங்களுக்கு. வாயால் ஒரு வார்த்தையும் வேண்டாம், கைச்சாடை போதும்: நீட்டிய கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திருப்பு, மூடிய முஷ்டி என்றால் நியூட்ரல், பின்னால் காட்டினால் ரிவர்ஸ். இந்தச் சாடைகளை வீட்டுக் கூடத்திலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சங்கிலி இறக்குவது என்ற கணக்கும் எளிது. கடல் வற்றியிருக்கும்போது ஆழம் 5 மீட்டர் என்று வையுங்கள். புக்கெட் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 3 மீட்டர் வித்தியாசம் வரும். படகின் முனை நீருக்கு மேலே 1 மீட்டர். ஆக மொத்தம் 9 மீட்டர். அதில் ஐந்து மடங்கு, 45 மீட்டர் சங்கிலியை இறக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் இன்னும் கூடுதலாக. பிறகு மெதுவாக ரிவர்ஸில் இழுத்து, சங்கிலி விறைத்து நின்றதும், கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் ஒரு மரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது அந்த இரண்டும் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை, மறுபடி போட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் விடியற்காலையில் அதற்கு விலை கொடுப்பீர்கள். பவளப்பாறை மேல் ஒருபோதும் போடாதீர்கள், மணலைத் தேடிப் போடுங்கள். தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் பல இடங்களில் கட்டிக்கொள்ள மிதவைகள் இருக்கின்றன.

நங்கூரத்துக்கு அடுத்து மூன்று வேலைகள். எஞ்சினைக் கிளப்புவதும் நிறுத்துவதும். காற்று கூடும்போது பாயைச் சுருக்குவதும் முழுதாக இறக்குவதும். ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேட்பது: “மேடே” என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இதை ஒரு தாளில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். பதற்றத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

இவற்றைத் தயவுசெய்து உங்கள் கணவரிடம் கற்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். கணவன் மனைவிக்குள் சொல்லிக்கொடுக்கும் வேலை மூன்றாவது நிமிடத்தில் பழைய சண்டையாக மாறிவிடும். முறையான பயிற்சிப் பள்ளியில், அவர் இல்லாத படகில், முன்பின் தெரியாத ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். படகிலேயே தங்கிப் பழகும் 5 நாள் தொடக்கநிலைப் பயிற்சி ஒன்று பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ஆர்ஒய்ஏ பாடத்திட்டத்தில் இருக்கிறது. 56 வயது அதற்குத் தடையே இல்லை. எடை தூக்கும் இடத்தில் விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) இருக்கிறது, அதைச் சுற்றும் பொறுமைதான் வேண்டும். பொறுமை யாரிடம் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீச்சலை இந்த வாரமே தொடங்குங்கள். வேகமாக நீந்த வேண்டியதில்லை, பதறாமல் மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் முதல் கட்டத்துக்குப் போதும். படகில் இருட்டிய பிறகு மேல்தளத்துக்கு வரும் எவரும் உயிர்காப்பு அங்கி அணிந்து, கயிற்றால் தம்மைப் படகோடு இணைத்துக்கொள்ள வேண்டும், உங்கள் கணவரும் உட்பட. அவர் தண்ணீரில் விழுந்தால் எப்படி மேலே ஏற்றுவீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். நனைந்த உடையோடு, தளர்ந்துபோன ஒரு பெரிய ஆளைக் கையால் தூக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. பாயை ஏற்றும் கயிற்றை அவருடைய அங்கியில் மாட்டி, விஞ்ச்சைச் சுற்றித்தான் ஏற்ற முடியும். கடல் அமைதியான ஒரு மத்தியானம், நங்கூரமிட்ட இடத்தில், அவரையே இறக்கிவிட்டு இதைச் செய்து பாருங்கள். அன்றைக்கு அவருக்கும் சில விஷயங்கள் புரியும். அந்தக் கடலில் கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன்கள் உண்டு என்பதால், யார் இறங்கினாலும் உடம்பை மூடும் நீச்சல் உடையும், கைக்கெட்டும் இடத்தில் வினிகர் பாட்டிலும் வேண்டும்.

அன்றாட வாழ்க்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நிறைய பேரைத் திருப்பி அனுப்புவது அதுதான். மத்தியானத்தில் அறைக்குள் புழுக்கம் தாங்காது. மேல் சாளரத்தில் காற்றை உள்ளே திருப்பும் துணியைக் கட்டி, மேல்தளம் முழுக்க நிழல்துணி போட்டால்தான் மனிதர் இருக்க முடியும். தொட்டியில் 300, 400 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். கடல்நீரில் குளித்து, கடைசியில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளப் பழகிவிடுவீர்கள். குளிர்பெட்டிதான் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்னும், சூரியத் தகடுகள் போதுமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். சமையல்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். அட்டைப்பெட்டியைப் படகுக்குள் கொண்டுவராதீர்கள், அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும். குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். படகு ஆடும்போது மூடி பூட்டிய பாத்திரத்தைப்போல் பாதுகாப்பானது வேறில்லை. தோசை மாவு அந்த வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே பொங்கிவிடும், சிறிய அளவில் அரையுங்கள். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் பினாங்கின் லிட்டில் இந்தியா இருக்கிறது. அங்கிருந்து லங்காவி ஏறக்குறைய 60 கடல் மைல்தான். தைப்பூசமும் படகோட்டும் பருவத்தில்தான் வருகிறது.

கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள அங்கே இன்னொரு அறை இருக்காது. 38 அடி நீளம் என்பது கடற்கரையிலிருந்து பார்க்கும்போதுதான் பெரிது. தினமும் ஒரு மணி நேரம் ஒருவர் டிங்கியில் கரைக்குப் போய்வருவது என்று எழுதாத ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். சமையலையும் பங்கிடுங்கள். நீங்கள் சுக்கானைக் கற்றுக்கொண்டால் அவர் சாம்பாரைக் கற்றுக்கொள்ளட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: வீட்டை விற்காதீர்கள். பழைய படகு என்பது வாங்குவது சுலபம், விற்பது கடினம். உலகத்தைச் சுற்றிவந்து லங்காவியோடு நிறுத்திக்கொண்டவர்களின் படகுகள் அங்கே விலைக்கு நிற்பதைப் பார்த்தாலே தெரியும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது படகுக்காரர்களின் பொதுவான கணக்கு. அந்த வெதுவெதுப்பான நீரில் அடிப்பாகத்தில் சிப்பிகள் மளமளவென்று ஒட்டும், படகைத் தரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் செலவு திரும்பத் திரும்ப வரும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பழையவை என்றால் காப்புறுதி நிறுவனமே மாற்றச் சொல்லும். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஆய்வாளர் ஒருவர், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்து அறிக்கை கொடுக்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். நீங்கள் குடிமக்களாக இருந்து, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருந்தால், வீவக அனுமதியுடன் முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். ஒரு வாடகை ஒப்பந்தத்துக்குக் குறைந்தது 6 மாதம். கடலோ ஆண்டில் பாதிக்குத்தான் உங்களுக்கு ஒத்துழைக்கும். பருவம் முடிந்ததும் படகை மரினாவில் (படகுத்துறையில்) கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வாழ்க்கைதான் உங்கள் இருவருக்கும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. மருத்துவக் காப்புறுதி படகில் வாழ்பவர்களை ஏற்றுக்கொள்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி நாள்கணக்கு. இப்போது நீச்சல். நவம்பரில் லங்காவியில் நீங்கள் மட்டும் பயிற்சிக்குப் போங்கள். ஜனவரியில் இருவரும் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு எடுத்து, லங்காவித் தீவுகளைச் சுற்றியே இரண்டு வாரம் இருங்கள். தாய்லாந்துக்குப் போக வேண்டாம், எல்லை தாண்டினால் குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் என்று நாள்கள் போய்விடும். அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் முழுக்க நீங்களே தலைவி. எங்கே போவது, எப்போது கிளம்புவது, எங்கே நங்கூரமிடுவது எல்லாம் உங்கள் முடிவு. அவர் உங்கள் சொல்படி வேலை செய்வார். பிப்ரவரியில் சிங்கப்பூர் திரும்பி மகளோடு இருங்கள். பிரசவத்தின்போது நீங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. குழந்தை பிறந்து வீடு ஓரளவு ஒழுங்குக்கு வந்தபின், மே மாதம் வாக்கில் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் படகு அதற்குள் விற்றுப்போயிருந்தால் வருந்தாதீர்கள், வேறு படகு கிடைக்கும். ‘எங்கள் வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டு உரிமையில் இருந்தால் உங்கள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. மே மாதம் பேசி முடிக்கும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.