வரையாடு தினத்தில் நட்ட மரக்கன்று

வணக்கம்.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பொது அறிவுத் தேர்வுக்காக மாநிலச் சின்னங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, பூ செங்காந்தள், மரம் பனை, பழம் பலா. "இதுல நீ எதெல்லாம்மா பாத்திருக்க?" என்று கேட்டாள். பனை, பலா என்றேன். அதோடு நின்றுவிட்டது. போன அக்டோபரில் வரையாடு தினம் என்று அவள் பள்ளியில் மரக்கன்று நட்டார்கள். வரையாட்டைப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. யானை, மைனா, வேம்பு என்று நாலு பேருக்குத் தெரிந்தவற்றை வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு ஓர் ஒட்டுதல் வந்திருக்குமே? கண்ணிலேயே படாத ஒன்று எப்படி நம் அடையாளம் ஆகும்?

சு., ஈரோடு

அன்புள்ள சு.,

வரையாடு தினத்துக்கு மரக்கன்று நட்டார்கள் என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பள்ளியைக் குறை சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் நட்டிருப்பார்கள். ஆனால் வரையாட்டுக்கு மரம் ஆகாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்தில், புல்வெளியும் பாறைச் சரிவும் சேரும் இடத்தில் வாழ்கிற பிராணி அது. சிறுத்தை வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். தெரிந்ததும் பாறைக்கு ஓட வேண்டும். பாறையில் ஏறிவிட்டால் அதைப் பிடிப்பது பெரும்பாடு. நடுவில் மரம் அடர்ந்தால் மேய்ச்சலும் போச்சு, பார்வையும் போச்சு. நீலகிரியில் நடந்தது அதுதான். வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. சீகை என்கிற வாட்டில் மரத்தையும், கற்பூர மரம் என்கிற யூக்கலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் கூழுக்குக் கற்பூர மரம் என்று மலை மலையாக நட்டோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து பிறகு முளைக்கும். மரத்தை வெட்டினாலும் தொல்லை தீராது. அந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

பவானி ஆறு பிறப்பதும் அந்த மலையில்தான். அங்கிருந்து சுற்றி வந்து, கூடுதுறையில் காவிரியோடு கலந்து, உங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. வரையாட்டை நீங்கள் பார்த்ததில்லை, சரி. அது மேயும் மலையில் ஊறிய தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்கள்.

யானையை வைத்திருக்கலாம் என்கிறீர்கள். கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஜார்க்கண்டுக்கும் அதுதான் மாநில விலங்கு. வரையாடு உலகத்திலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும் இருக்கிறது. 2025 கணக்கெடுப்பில் இரண்டு மாநிலமும் சேர்த்து 2,668. நம் பங்கு 1,303. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் கூட்டம். சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இதுதான் என்கிறார்கள்.

நான் முதலில் பார்த்தது காட்டுக்குள் இல்லை, தார் ரோட்டில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; ஒன்பதாவது வளைவின் தடுப்புச் சுவர் மேல் ஒரு கிடா நின்றிருந்தது. கருத்த உடம்பு, முதுகில் மட்டும் சாம்பலைத் தடவிய மாதிரி வெளுப்பு. பின்னங்கால் குளம்பு பாதி சுவரில், பாதி அந்தரத்தில். கீழே எங்கேயோ ஆழத்தில் அணை. அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு கை சிப்ஸ் பாக்கெட்டை நீட்டியது. கிடா இறங்கி வந்து, பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாளை நக்கியது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்காந்தளை நீங்கள் பார்த்ததில்லை என்பதை மட்டும் நம்ப மாட்டேன். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போனதே இல்லையா? கம்பியில் கொடி ஏற்றியிருப்பார்களே, கண்வலிக்கிழங்கு, அதுதான். விதையிலிருந்து கால்ச்சிசின் எடுத்து மூட்டு வீக்க மருந்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு கொடியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்திருக்கும். பூ பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகும். காலையில் ஆட்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். வேலியோரம் தானாக முளைத்தவற்றைக் கிழங்குக்காகத் தோண்டியே பாதி தீர்த்துவிட்டோம். கிழங்கு கடும் விஷம், மகளைத் தொட விடாதீர்கள்.

மரகதப்புறா கூச்சக்காரப் பறவை. காட்டுத் தரையில் நிழலில் விதை பொறுக்கிக்கொண்டிருக்கும், நாம் பார்ப்பதற்குள் தாழப் பறந்து போய்விடும். ஒரு வழிகாட்டி நூலில் இதன் பெயரைப் போட்டுப் பச்சைப்புறா படத்தை அச்சடித்திருந்தார்கள். உங்கள் மகளின் புத்தகத்தில் இருப்பதற்குச் சிவந்த அலகு இருக்கிறதா என்று பாருங்கள்.

தெரிந்த ஒன்றாக இருந்தால் ஒட்டுதல் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பனை எல்லோருக்கும் தெரிந்ததுதானே? நுங்கு, பதநீர், கருப்பட்டி, கிழங்கு என்று வருடம் முழுக்க வாயில் போட்டுக்கொள்கிறோம். அப்படியிருந்தும், மாநில மரம் என்ற பட்டத்தோடேயே அது செங்கல் சூளைக்குப் போய் எரிந்தது. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு சொன்னதே 2021இல்தான்.

அதனால் பட்டியலை மாற்றச் சொல்ல எனக்கு மனசு இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எங்கே இருக்கும், என்ன தின்னும் என்று மகளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி, பொள்ளாச்சி வழியாக அந்த ஒன்பதாவது வளைவுக்குக் கூட்டிப்போங்கள். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பத்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் போதும்.

அப்புறம், பள்ளியில் நட்டது என்ன கன்று என்று எழுதவில்லையே. வேம்போ புங்கனோ என்றால் ஈரோட்டு வெயிலுக்கு நல்லதுதான். தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள்.