பேய்களின் பசியும் அரசனின் புகழும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அசுரலோகத்து அரண்மனையை ஓர் அலுவலகமாக வைத்து நகைச்சுவை நாவல் எழுதிவருகிறேன். கோரைப்பல் வாயிற்காவலன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறான். பூதங்கள் விடுப்பு விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கின்றன. முதல் அத்தியாயத்துக்கு வாய்விட்டுச் சிரித்த நண்பர்கள் மூன்றாவதோடு நிறுத்திவிட்டார்கள். என் கற்பனை வறண்டுவிட்டதா, இவ்வகை எழுத்துக்கே ஆயுள் அவ்வளவுதானா? மூன்று அத்தியாயங்களையும் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அத்தியாயங்களைப் படித்தேன். உங்கள் கற்பனைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் உங்கள் அரண்மனையில் எனக்கு ஓர் அசுரன்கூடத் தென்படவில்லை. கொம்பும் கோரைப்பல்லும் ஒட்டிக்கொண்ட குமாஸ்தாக்களே தென்பட்டார்கள். பூதம் பதிவேட்டில் கையெழுத்திடுவது ஒருமுறை சிரிப்பூட்டும். அடுத்த பக்கத்திலும் அதே வேடிக்கைதான் என்றால் வாசகர் எதற்காகப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்?

இவ்வகை எழுத்துக்கு ஆயுள் குறைவு என்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். 1070இல் அரியணையேறிய சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் என்ற புலவர் பாடிய கலிங்கத்துப்பரணி இன்றும் சிரிக்க வைக்கிறது. அதில் காளி தலைவி. பேய்கள் அவளுடைய ஏவலர்கள். போர் நடந்தால்தான் களத்துப் பிணங்களைக் கொண்டு காய்ச்சும் கூழ் அவற்றுக்குக் கிடைக்கும். நாட்டில் அமைதி நிலவும் காலத்தில் பேய்கள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகித் தலைவியிடம் முறையிடுகின்றன. 'பேய் முறைப்பாடு' என்றே ஒரு பகுதி உண்டு. குடிகளுக்கு நல்ல காலமாக இருப்பது ஏவல் பேய்களுக்குப் பஞ்சகாலமாகிவிடும் இந்த முரணில்தான் அந்நூலின் நகைச்சுவை முழுவதும் ஊறிக்கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி என்னும் போர்வெற்றி நூல் பாடுவது மரபு என்பார்கள். அரசனுக்கு அந்த ஆயிரம் புகழின் கணக்கு. பேய்க்கோ அது களத்தில் கிடக்கும் இறைச்சியின் கணக்கு.

அந்தப் பேய்களைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சக்கரக்கோட்டத்து வெற்றியின்போது காய்ச்சிய கூழ் கொதித்துத் தெறித்து ஒரு கண் போன பேய் அங்கே இருக்கிறது. கடாரத்தை அழித்த நாளில் இரத்த வெள்ளத்தில் நீந்தி, தசை பிடித்துக்கொண்டதால் முதுகு கூனிப்போன பேய்களும் இருக்கின்றன. சோழனின் வெற்றிகள் ஒவ்வொன்றும் ஏவலர்களின் உடம்பில் ஊனமாகப் பதிந்திருக்கின்றன. இதைவிடக் கூர்மையான பணியிடச் சித்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இமயத்திலிருந்து திரும்பிய முதுபேய் இந்திரசாலம் என்னும் மாயவித்தை காட்டும்போது, இல்லாத குருதியை அள்ளக் குனிந்து வெறுங்கையோடு எழும் பேய்களைப் படிக்கும்போது, சிரிப்போடு நெஞ்சும் கனக்கிறது.

கூழ் வார்க்கும் இடத்தில் இழுதைப் பேய் ஒன்று வரும். இழுதை என்றால் பேதை. அதன் கலத்தில் ஓட்டை, கூழ் ஒழுகுகிறது. ஓட்டை எங்கே என்று பார்க்கக் கலத்தையே திருப்பிப் பிடிக்கிறது. இருந்த கூழும் கொட்டிவிட, திகைத்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் கூழ் ஊற்றுங்கள் என்கிறார் கவிஞர். அங்கே பசியும் பேதைமையும் பேயினுடையவை. வெளியிலிருந்து ஒட்டவைத்த அலுவலகப் பொருள் ஒன்றும் கிடையாது. அப்படியிருந்தும் வரிசையில் நின்று பங்கு வாங்கிய எவருக்கும் அந்தப் பேயைத் தெரியும்.

அரசனின் புகழையும் பேய்கள்தான் பாடுகின்றன; எப்போது பாடுகின்றன என்பதைக் கவனியுங்கள். இறந்தவர்களின் பற்களை அரிசியாகக் குவித்து உலக்கையால் குற்றும்போது, வேலையின் தாளத்துக்குப் பாடுகின்றன. வயிறு நிறைந்த பிறகு இன்னொரு முறை வாழ்த்துகின்றன. உங்கள் அசுர மன்னன் அரியணையிலிருந்து தன் பெருமையைத் தானே நான்கு பக்கங்களுக்குப் பேசுகிறான். அந்தப் பக்கங்களைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். அவனைப் பற்றி அடுக்களையில் இருப்பவர்கள் பேசட்டும்.

உங்கள் வாயிற்காவலனிடமிருந்து மீண்டும் தொடங்கலாம். அவன் எதைத் தின்று வாழ்பவன் என்பதை மூன்று அத்தியாயங்களிலும் நீங்கள் சொல்லவில்லை. மனிதரைத் தின்பவன் என்று வைத்துக்கொள்வோம். மன்னன் மானிடரோடு சமாதான உடன்படிக்கை செய்துகொள்கிறான். அரண்மனையெங்கும் தோரணம் கட்டுகிறார்கள். உடன்படிக்கையை எடுத்துவரும் கொழுத்த தூதனுக்குக் கதவு திறந்துவிட வேண்டிய முறை அன்று அவனுடையது. அவன் சாப்பிட்டு ஒன்பது நாள் ஆகிறது. அந்தக் கதவருகே அவனை நிறுத்தி எழுதிப் பாருங்கள். பதிவேடு தேவைப்பட்டால் பிறகு தானே வரும்.

அன்புடன்.