கோப்பைக்கு அடியில் ஓட்டை

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் மகனுக்கு 9 வயது. பள்ளி விட்டு வந்தால் புத்தகம், இல்லாவிட்டால் திரை. அடுத்த வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான். அவன் அலமாரி நிறையக் கோப்பை அடுக்கி வைத்திருக்கிறான். இவனை அதட்டியாவது ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்த்துவிடலாமா? கட்டாயப்படுத்தினால் வெறுத்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. எதில் சேர்த்தால் எதிர்காலம் உண்டு?
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

பதில்: மகனை விடுங்கள், அந்த அலமாரிக்கு வருவோம்.

அடுத்த முறை அங்கே போனால் ஒரு கோப்பையைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். அநேகமாகப் பிளாஸ்டிக்காக இருக்கும், மேலே தங்க நிறப் பூச்சு. கீழே கல்லோ, கல் மாதிரி வார்த்த ஏதோ ஒன்றோ பீடமாக இருக்கும். மொத்தக் கனமும் அந்தப் பீடத்தில்தான். சாயாமல் நிற்க அது வேண்டும்; மேடையில் வாங்குகிறவன் கைக்கு எதையோ வாங்கினோம் என்று உறைக்கவும் வேண்டும். உச்சியிலிருந்து பீடம் வரை மரை போட்ட கம்பி ஒன்று ஓடும், அடியில் ஒரு நட்டு அதை இழுத்துப் பிடித்திருக்கும். நட்டு தளர்ந்ததும் கோப்பை மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்க்க ஆரம்பிக்கும். கையாலேயே முடுக்கலாம், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், கம்பி நுழைவதற்காகக் கோப்பையின் அடியில் போட்டிருக்கும் ஓட்டை. பெயர்தான் கோப்பை, அதில் ஒரு வாய் தண்ணீர் நிற்காது. மேலே கையைத் தூக்கி நிற்கும் பொம்மைக்கு எந்தப் போட்டி என்பதே தெரியாது. ஓட்டப் பந்தயத்துக்கும் அவர்தான், பேச்சுப் போட்டிக்கும் அவர்தான்.

மலிவுச் சரக்கு என்று முகம் சுளிக்காதீர்கள். பெரிய இடத்திலும் இதே கதைதான். 1851 முதல் பாய்மரப் படகுக்காரர்கள் அடித்துக்கொள்ளும் அமெரிக்கா கோப்பை ஒரு வெள்ளிக் கூஜா. அதற்கு அடியே கிடையாது. கால்பந்து உலகக் கோப்பை 18 காரட் தங்கம், 36.8 செ.மீ. உயரம், ஆறு கிலோவுக்கு மேல் எடை. எல்லாம் இருக்கிறது, கோப்பை மட்டும் இல்லை: இரண்டு உருவங்கள் உலக உருண்டையைத் தாங்கி நிற்கின்றன. வென்ற நாடு வீட்டுக்குக் கொண்டுபோவதும் நகல்தான். அதற்கு முந்தைய ஜூல் ரிமே கோப்பை 1966இல் லண்டனில் களவுபோனது. பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்து மீட்டது. 1983இல் ரியோவில் மறுபடி களவுபோனது. இந்த முறை நாய் யாரும் வரவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒன்பது வயதில் ஒரு பிள்ளை அலமாரி நிறையக் கோப்பை சேர்த்திருந்தால், அந்த ஊரில் கோப்பை கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நார்வேயில் 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. அங்கே 11 வயதுக்கு முன்னால் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் போடக் கூடாது. 13க்கு முன்னால் தேசிய வாகையர் போட்டி கிடையாது. இப்படிச் செல்லம் கொடுத்தால் உருப்படுமா என்று கேட்பவர்களுக்கு: சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களுடன் முதலிடம், 2022இல் 16 தங்கத்துடன் மறுபடி முதலிடம். பனி அவர்களுக்கு உதவியது, வாஸ்தவம். பனி மற்ற நாடுகளிலும்தான் பெய்கிறது.

‘எதிர்காலம்’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பையன் பிறந்த மாதத்தைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஜோசியம் சொல்லியிருப்பேன். சிறுவர் அணிகளில் வயது கணக்கிட ஒரு தேதி வைத்திருப்பார்கள். அது ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்கு மோதுவார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. உயரத்திலும் வேகத்திலும் பட்டவர்த்தனமாகத் தெரியும். மூத்தவனைத் திறமைசாலி என்று பொறுக்குவார்கள், அவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், பிறகு நிஜமாகவே திறமைசாலியாகிவிடுவான். கனடா ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை அடுக்கிப் பார்த்து உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர் 1985இலேயே எழுதிய விஷயம் இது. அடுத்த வீட்டுப் பையனின் பிறந்தநாளை விசாரியுங்கள்.

இனி, கட்டாயம். இரண்டு விஷயத்தில் தயங்காமல் கட்டாயப்படுத்துங்கள். இரண்டும் விளையாட்டே அல்ல என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

முதலாவது நீச்சல். வெறுத்தாலும் பரவாயில்லை, வெறுத்துக்கொண்டே கற்றுக்கொள்ளட்டும். பட்டாம்பூச்சி நீச்சலும் பந்தய நேரமும் யாருக்கு வேண்டும்? அமெரிக்கச் செஞ்சிலுவைக்காரர்களிடம் ஐந்தே வேலை கொண்ட ஒரு சோதனை இருக்கிறது: தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதித்து மேலே வருவது; ஒரு நிமிடம் மிதப்பது அல்லது நின்ற நிலையில் நீந்திக்கொண்டிருப்பது; முழு வட்டமாகத் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது; அங்கே 25 கெஜம் நீந்துவது; ஏணி இல்லாமல் கரையேறுவது. இந்த ஐந்தும் தொடர்ச்சியாக வரவேண்டும். முக்கால்வாசிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது மூச்சில்தான். தலையைத் தூக்கி ஒரே வீச்சில் விடவும் இழுக்கவும் பார்ப்பார்கள். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். முகம் நீருக்குள் இருக்கும்போதே குமிழி விட்டு மூச்சை வெளியேற்றி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்க மட்டும் பழக்கினால் பாதி நீச்சல் வந்துவிடும். மல்லாந்து மிதப்பதை அதற்கும் முன்னால் சொல்லிக்கொடுக்க வேண்டும். களைத்தவனுக்கு அதுதான் கட்டில். நீச்சல் தெரிந்துவிட்டதென்று நீங்கள் கரையில் போனை நோண்டிக்கொண்டு உட்காராதீர்கள். மூழ்குகிற பிள்ளை கத்தாது. கத்த மூச்சு இருக்காது.

இரண்டாவது சைக்கிள். பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டிப் பழக்கும் வழக்கத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு, இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வளைவில் சைக்கிள் உட்புறம் சாய வேண்டும். குட்டிச் சக்கரம் சாய விடாது. மாதக்கணக்கில் தப்பான பாடம் படித்துவிட்டு, அதைக் கழற்றிய அன்று பிள்ளை விழும். அதற்குப் பதில் பெடல்களைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர் மரை, கடிகார முள் போகிற பக்கம் திருகினால்தான் கழலும்; இது தெரியாமல் பலத்தைக் காட்டுகிறவர்கள் இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வையுங்கள். லேசான சரிவில் காலால் உந்தி ஓட்டட்டும். பத்துப் பன்னிரண்டு அடி கால் ஊன்றாமல் உருண்டு, திரும்பவும் வந்துவிட்டால் பெடலை மாட்டிவிடலாம். மாட்டும்போது அச்சின் நுனியில் பொறித்த எல், ஆர் எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். இடம் மாற்றித் திணித்தால் மரை போய்விடும்.

மற்றதெல்லாம் அவன் இஷ்டம், ஒரு நிபந்தனையோடு. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்துக்குப் பேரம் கிடையாது. அதை எப்படிக் கழிப்பது என்பது அவன் பாடு. ஓடிப்பிடித்து ஆடினாலும் சரி, நாயோடு ஓடினாலும் சரி. வகுப்பில் சேர விரும்பினால் இரண்டு மூன்றைக் காட்டி அவனையே தேர்வு செய்யச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்ட பருவத்தை முடிக்க வேண்டும், முடித்தபின் காரணமே சொல்லாமல் விலகலாம். ஒரு தோல்விக்காக நடுவில் விடக் கூடாது. உடம்பில் வலி, யாரைக் கண்டாவது பயம் என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், விசாரணை பிறகு.

வகுப்பில் சேர்க்குமுன் ஒரு நாள் ஓரமாக நின்று பந்தை எண்ணுங்கள். பன்னிரண்டு பிள்ளை ஒரே வரிசை, ஒரே பந்து, ஆளுக்கு 20 விநாடி என்றால் ஒரு முறை வர நான்கு நிமிடம். நாற்பது நிமிடத்தில் பத்து முறை. அதாவது உங்கள் பையன் ஆடுவது 3 நிமிடம் 20 விநாடி. மீதி நேரம் முன்னால் நிற்பவனின் சட்டை எண்ணைப் படிப்பான். நாலுக்கு நாலு எனச் சின்னச் சின்ன அணியாகப் பிரித்து விடுகிற பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள். தப்புச் செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடு என்பவரிடம் விடவே விடாதீர்கள். ஓட்டம் தண்டனை என்று படித்த பிள்ளை ஆயுளுக்கும் ஓடாது.

‘எனக்கு விளையாட்டே பிடிக்காது’ என்று பிள்ளை சொன்னால் சோம்பேறிப் பட்டம் கட்டுமுன் கண்ணைப் பரிசோதியுங்கள். பந்து வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனுக்குப் பல சமயம் பந்து தெரிவதே கடைசி நொடியில்தான். ஓட ஆரம்பித்துச் சில நிமிடத்தில் இருமல் பிடித்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். குதிகால் பின்புறம் வலித்தால், முட்டிக்குக் கீழே புடைத்து வலித்தால், அது வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடச் சொல்வது முட்டாள்தனம். ஷூவில் நின்றபடி நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். போன வருட ஷூவால் பல விளையாட்டு வாழ்க்கைகள் முடிந்திருக்கின்றன.

மாறாகப் பைத்தியமாகப் பிடித்துவிட்டால் கடிவாளம் உங்கள் கையில் இருக்க வேண்டும். முறையான பயிற்சி வாரத்துக்கு வயதின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஒன்பது வயதென்றால் ஒன்பது மணி நேரம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு, ஒரே விளையாட்டென்றால் வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அதிலிருந்து விடுப்பு. ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ‘அந்தப் பந்தை ஏன் விட்டாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவனுக்குத் தெரியும், பந்தை விட்டதே அவன்தானே.

இந்நேரம் ஒருவர் பேனாவைத் திறந்திருப்பார். சதுரங்கம் விளையாட்டில்லையா, சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இலேயே அங்கீகரித்துவிட்டதே என்று எனக்கு விடாமல் எழுதும் அன்பர். ஐயா, அங்கீகாரத்தை நான் மறுத்ததே இல்லை. அந்த 60 நிமிடத்தில் அதைச் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். 1984 செப்டம்பரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகக் கார்ப்போவும் காஸ்பரோவும் உட்கார்ந்தார்கள். முதலில் ஆறு ஆட்டம் வெல்பவருக்குப் பட்டம். 48 ஆட்டம் ஆடி, பெரும்பாலானவை டிராவாகி, 5-3 என்ற கணக்கில் மாட்டிக்கொண்டு, 1985 பிப்ரவரியில் ஆட்டக்காரர்களின் உடல்நிலையைக் காரணம் காட்டிப் போட்டியையே ரத்து செய்தார்கள். சதுரங்கத்துக்கும் உடம்பு வேண்டியிருக்கிறது, அதைப் பலகை தருவதில்லை. உங்கள் பேரனுக்கு நீச்சல் தெரியுமா? அதை எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.